அம்மாவின் பொருத்தனையும் ஷைனி அண்ணியின் காலும்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது. ஷைனி அண்ணியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அது இன்னும் கொஞ்சம் ஏறும்.

ஷைனி எனக்கு அண்ணியாவதற்கு முன்பே கம்பெனித் தோழி. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் காருக்கு ஒயர் கட்டுகிற கம்பெனியில் இரண்டு பேரும் ஒரே வரிசையில் நின்று வேலை செய்தோம். அவள் காக்களூர்க்காரி, இங்கே ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். பெரிய உடம்பு. கம்பெனி கொடுக்கிற கோட்டு அவளுக்குப் பத்தாது; ஆண்கள் சைஸில் ஒன்றை வாங்கிக் கையை மடித்துவிட்டுக்கொள்வாள். மதியம் சாப்பிட்டதும் நாங்களெல்லாம் சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்து கதையடிப்போம். அவள் மட்டும் யாரோ துரத்துகிற மாதிரி காம்பவுண்டைச் சுற்றி நடப்பாள்.

"உக்காரேண்டி, பாக்கறதுக்கே எனக்கு மூச்சு வாங்குது" என்று கத்துவேன்.

"நடந்தாதான் மெர்சி என் ஒடம்பு என் பேச்ச கேக்குது" என்பாள்.

வயதுக்கு வந்த நாளிலிருந்தே அவளுக்கு மாதவிலக்கு ஒழுங்காக வந்ததில்லை. மாதக்கணக்கில் வராது, வந்தால் நிற்காது. மோவாயில் முடி முளைக்கும். கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் சீட்டைப் பிடித்துக்கொண்டு, கைக்கண்ணாடியைப் பார்த்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே வருவாள். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு சினைப்பையில் நீர்க்கட்டி என்றார்கள். உடம்பைக் குறை, எல்லாம் சரியாகிவிடும் என்று டாக்டரிலிருந்து டீக்கடைக்காரர் வரை சொன்னார்கள். அந்த உடம்பு லேசில் குறையாததற்கு அந்த நீர்க்கட்டியும் ஒரு காரணம் என்று ஒருத்தரும் அவளிடம் சொல்லவில்லை.

என்னைப் பஸ் ஏற்றிவிட வந்த என் அண்ணன் இம்மானுவேல் அவளைப் பார்த்துப் பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டான். அவன் இரும்பு உருக்குகிற மில்லில் வேலை செய்கிறான். என் அம்மா சாராள், பெண் பார்த்துவிட்டு வந்ததும், "கொஞ்சம் பூசனாப்ல கீறா, பரவால்ல, ஜெபம் பண்ற பொண்ணு" என்றாள். அந்தப் "பரவால்ல" கொஞ்ச நாளைக்குத்தான் இருந்தது. குழந்தை இல்லாமல் வருஷங்கள் போகப்போக அம்மாவின் கண் அண்ணியின் தட்டிலேயே இருந்தது. "ரெண்டாவது தபா சோறு போட்டுக்கினியா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்பாள். அண்ணி கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிடுவாள்.

கடைசியில் ஒரு டாக்டரம்மா நல்லபடியாகச் சொன்னார். "மொத்த ஒடம்பையும் கரைக்க வேணாம். கொஞ்சம் கொறஞ்சாலே போதும், கரு நிக்கும்." அண்ணி விடிந்ததும் சிப்காட் ரோட்டில் லாரிகளுக்கு ஓரமாக நடந்தாள், சோற்றைக் குறைத்தாள், மாத்திரை போட்டாள். சில மாதங்களில் சேலை கட்டுகிற இடுப்பில் வித்தியாசம் தெரிந்தது. மாதவிலக்கு ஒழுங்குக்கு வந்தது. கருவும் நின்றது. மூன்றாம் மாதம் கலைந்தது.

நடந்ததாலோ பஸ்ஸாலோ இல்லை, இப்படிச் சில சமயம் ஆகும் என்று டாக்டரம்மா சொன்னார். அம்மா காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. "கம்பெனி பஸ்ல குலுங்கி குலுங்கி போச்சி. ரோடு ரோடா நடந்தாளே, அதுல போச்சி." தரையில் உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். பொய் அழுகையில்லை. என் அம்மாவுக்கு நடிக்கத் தெரியாது, அதுதான் பெரிய பேஜாரு.

மறுபடியும் அண்ணி உண்டானாள். அந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சி நேரம் வந்தது. கடவுள் செய்ததை எழுந்து நின்று எல்லோருக்கும் சொல்கிற நேரம் அது. அம்மா எழுந்து போய் மைக்கைக் கையில் வாங்கினாள்.

"என் மருமவளுக்கு கர்த்தர் மறுபடியும் கிருபை பண்ணிக்கிறாரு. போன தபா நா அஜாக்ரதையா உட்டுட்டேன். இந்த தபா உட மாட்டேன். புள்ளைய கைல தூக்கிக்கினு இந்த சபைக்கு வர்ற வரைக்கும் அவ காலு எங்க ஊட்டு வாசப்படிய தாண்டாது. ஆஸ்பத்திரிக்கு போவசொல்ல மட்டும் தாண்டும். இது என் பொருத்தனை."

பொருத்தனை என்றால் சாதாரணப் பேச்சு இல்லை. கடவுளுக்குக் கொடுத்த வாக்கு. அதிலும் சபை நடுவில் கொடுத்துவிட்டால் ஊரே சாட்சி. சபை முழுக்க "ஆமென்" என்றது. என் அண்ணனும் "ஆமென்" என்றான். நான் அண்ணியைத் திரும்பிப் பார்த்தேன். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் காலை வைத்து ஒரு வாக்கு, அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

வெளியே வந்ததும், "யார கேட்டு இத சொன்ன நீ?" என்றேன்.

"இன்னாடி யார கேக்கணும்? கர்த்தராண்ட பேசறதுக்கு உன்னாண்ட பர்மிஷன் வாங்கணுமா?" என்றாள் அம்மா.

அண்ணி வேலையை விட்டாள். எங்கள் வீடு ஒரு ஹால், ஒரு அடுப்படி, பின்னால் பாத்ரூம், அவ்வளவுதான். நான் கல்யாணமாகி அடுத்த தெருவில்தான் இருக்கிறேன், தினமும் போவேன். எப்போது போனாலும் அண்ணி வாசல் கிரில் கேட்டுக்கு உட்புறம் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருப்பாள். தெருமுனையில் லாரி போவதைப் பார்ப்பாள். மில் கரி படிந்த கொடித்துணியைப் பார்ப்பாள். எதிர் வீட்டுத் திலகவதி அக்கா பைப்பில் தண்ணீர் பிடிப்பதைப் பார்ப்பாள். பார்க்க அவ்வளவுதான் இருந்தது.

அதோடு சாப்பாடு. அதுவரை தட்டை எண்ணிய அதே அம்மா இப்போது, "ரெண்டு உசுரு, நல்லா துண்ணு" என்று மலை மாதிரி சோற்றைக் கொட்டினாள். சபையிலிருந்து பெண்கள் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபத்துக்கு வந்தார்கள், கை நிறையக் கொண்டுவந்தார்கள். பிரெட் அல்வா, கேசரி, நெய் மிதக்கிற பாயசம். எல்லாம் ஜெபம் பண்ணிக் கொண்டுவந்தது. ஜெபம் பண்ணிய சாப்பாட்டை வேண்டாம் என்று சொல்ல முடியாது, கீழே கொட்ட முடியாது. அண்ணி வாயைத் திறப்பாள், அவர்கள் ஊட்டுவார்கள்.

ஆறாம் மாதம் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சர்க்கரை எகிறியிருந்தது. நானும் கூடப் போயிருந்தேன். டாக்டரம்மா அண்ணியைத் திட்டவில்லை.

"ஒடம்பும் கனமா இருந்து நீர்க்கட்டியும் இருந்தா கர்ப்பத்துல சக்கரை வர்றதுக்கு, பிரஷர் வர்றதுக்கு வாய்ப்பு அதிகம். அது உன் தப்பு இல்ல ஷைனி. ஆனா இனிமே சும்மா இருக்க முடியாது. சோத்த அளவா சாப்பிடு, இனிப்பு கூடவே கூடாது. ஒவ்வொரு வேளை சாப்பிட்ட பிறகும் நல்லா நட."

"நடக்கலாமா மேடம்?" என்று அண்ணி கேட்டாள். மாதக்கணக்காக அவள் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கேட்டதில்லை.

"நடக்கலாமா இல்ல, நடந்தே ஆகணும்."

வீட்டுக்கு வந்ததும் அம்மா சர்க்கரை டப்பாவைத் தூக்கிப் பரண்மேல் வைத்தாள். பார்த்தேன், பரவாயில்லை, புத்தி வந்துவிட்டது என்று நினைத்தேன். மறுநாள் போனால் பாயசத்தில் வெல்லம் கரைகிறது! "வெல்லம் ஒடம்புக்கு நல்லதுடி, அது சக்கரை இல்ல" என்கிறாள். அல்வாவைக் காட்டி, "அப்ப இது?" என்றேன்.

"ஜெபம் பண்ண சாப்பாடுடி அது. அது ஒடம்புல போயி சக்கரையா மாறாது."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். சண்டை போட்டு ஓய்ந்து, கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். வருகிற அல்வாவையும் கேசரியையும் யாரும் பார்க்காதபோது நானே தின்றுவிடுவது. ஜெபமும் வீணாகாது, அண்ணியும் பிழைப்பாள். அந்த வருஷம் எனக்கு ஜாக்கெட்டெல்லாம் பத்தாமல் போனதற்குக் காரணம் என் புருஷனுக்கு இன்றுவரை தெரியாது.

ஆனால் நடை? அதை நான் அவளுக்காக நடக்க முடியாதே. "நடக்க சொன்னா உள்ள நட, யாரு வேணான்னது?" என்றாள் அம்மா. அண்ணி அடுப்படியிலிருந்து கிரில் வரைக்கும் நடந்தாள். நடுவில் பீரோ, தையல் மெஷின். அண்ணனுக்கு நைட் ஷிஃப்ட் என்றால் பகலெல்லாம் ஹாலின் குறுக்கே பாய் போட்டுத் தூங்குவான். அவன் காலைத் தாண்டித் தாண்டி, அவன் விழித்துவிடாமல் நடக்க வேண்டும். ஒருநாள் வயிற்றோடு பீரோ முனையில் இடித்துக்கொண்டாள். அதன் பிறகு அதுவும் நின்றுபோய் மறுபடி சேருக்கே வந்தாள்.

நான் பாஸ்டர் பாக்கியநாதனிடம் போய் முறையிட்டேன். அவர் நல்ல மனுஷன், ஆனால் வழுக்குகிற மனுஷன். "பொருத்தனை பண்ணவங்க வந்து கேட்டாதான் நான் ஜெபிச்சி மாத்த முடியும்மா" என்றார். அம்மாவை இழுத்தேன். கையை உதறிவிட்டாள். "போன தபா பொருத்தனை இல்ல, புள்ள போச்சி. இந்த தபா கீது, புள்ள நிக்குது. அத நா முறிக்க மாட்டேன்."

பொறுக்க முடியாமல் அண்ணியிடமே பாய்ந்தேன். "உனக்கு காலு கீது இல்ல? எழுந்து போயேன். யாரு உன்ன கட்டிப்போட்டாங்க?"

அண்ணி என்னைப் பார்த்தாள். கோபப்படவில்லை.

"நா உள்ளயே இருந்து புள்ளைக்கு எதுனா ஆச்சுன்னா அது கர்த்தர் சித்தம் மெர்சி. வெளிய போயி ஆச்சுன்னா, இவ காலுதான் கொன்னுச்சின்னு சாவற வரைக்கும் சொல்வாங்க. உங்க அண்ணனும் சொல்வாரு. வாயால சொல்லலன்னாலும் மனசுல சொல்வாரு. நா எங்கடி போறது?"

அதுவரை அம்மாதான் அவளை அடைத்து வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா பூட்டினாள் என்பது சரி, ஆனால் அந்த வீட்டில் மட்டுமில்லை, தெரு முழுக்க, சபை முழுக்க ஆளுக்கொரு சாவி வைத்திருந்தார்கள். நான் கீழே உட்கார்ந்து அவள் காலை அமுக்கிவிட்டேன். வீங்கிப்போயிருந்தது.

சர்க்கரைக்கு ஊசி போட ஆரம்பித்தார்கள். அளவைக் கூட்டிக்கொண்டே போனார்கள். எட்டாம் மாதம் ஸ்கேனில், குழந்தை மாதத்துக்கு மீறி வளர்ந்திருக்கிறது என்று வந்தது. அம்மாவுக்கு அதைக் கேட்டு முகமெல்லாம் பூரிப்பு. "குண்டு புள்ள!" டாக்டரம்மா ஃபைலை மூடிவிட்டு அம்மாவை நேராகப் பார்த்தார்.

"சந்தோஷப்படற விஷயம் இல்லம்மா இது. தாயோட சக்கரை ஏறி ஏறி குழந்தைக்குப் போவுது, அதான் அந்த எடை. இன்னும் ஒரு வாரம் பாப்பேன். குறையலன்னா அட்மிஷன். சக்கரை இப்படியே இருந்தா சில சமயம் குழந்தைக்கு உள்ளயே துடிப்பு நின்னுடும். தெரிஞ்சுக்கோங்க."

ஆட்டோவில் திரும்பி வரும்போது அண்ணி வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அசைவுக்கும் காத்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் பெண்கள் வந்துவிட்டார்கள். ஹால் கொள்ளவில்லை. அண்ணியைச் சேரில் உட்காரவைத்துச் சுற்றி முழங்காலில் நின்று, எல்லோரும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, குரலெடுத்து அவளுக்காக ஜெபித்தார்கள். நான் ஜெபிக்கவில்லை. மனது முழுக்கக் கோபத்தை வைத்துக்கொண்டு எப்படி ஜெபிப்பது? கண்ணைத் திறந்துகொண்டு சும்மா இருந்தேன். அதனால் நான் மட்டும்தான் பார்த்தேன்.

அண்ணி சேரின் கையைப் பிடித்து எழுந்தாள். முழங்காலில் நின்றவர்களுக்கு நடுவில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்துப் பார்த்துக் கால் வைத்தாள். கிரில்லை இழுத்தாள். அது கிறீச்சென்றது. ஜெபச் சத்தத்தில் யாருக்குக் கேட்கப் போகிறது? வாசப்படியில் ஒரு கணம் நின்று திரும்பி என்னைப் பார்த்தாள். போ, போ, என்று தலையை ஆட்டினேன். செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டாள்.

அம்மா கண்ணைத் திறந்தபோது சேர் காலியாக இருந்தது. "ஐயோ!" என்று ஒரு கத்து. ஜெபம் பாதியில் நின்றது. அம்மா வாசலுக்கு ஓடினாள். தெருவில் அண்ணி வேகமாக நடந்துகொண்டிருந்தாள். அந்தப் பழைய கம்பெனி நடை, என்ன, கொஞ்சம் ஆடி ஆடி. அம்மா வாசப்படியிலேயே நின்றாள். பிறகு திடீரென்று உள்ளே ஓடி, பீரோமேல் கையை விட்டுத் துழாவி எதையோ எடுத்துக்கொண்டு தெருவில் ஓடினாள். முடியைப் பிடித்து இழுத்துவந்துவிடப் போகிறாள் என்று பயந்துபோய் நானும் பின்னால் ஓடினேன்.

அம்மா அண்ணியின் கையைப் பிடித்து நிறுத்தி, அந்தக் கையில் எடுத்துவந்ததைத் திணித்தாள். ஆஸ்பத்திரி ஃபைல்.

"தோ, இத கைல வெச்சிக்க. யாரு கேட்டாலும் ஆஸ்பத்திரிக்கு போறேன்னு சொல்லு. பொருத்தனைல ஆஸ்பத்திரி கீது."

"நா நடக்கதான் போறேன் அத்தே" என்றாள் அண்ணி மூச்சு வாங்கிக்கொண்டு.

"நடக்கறது டாக்டரு சொன்னதுதான? டாக்டரு சொன்னா அது ஆஸ்பத்திரிதான். புடிம்மா. உன் கால்ல வேணாலும் உழறேன், புடி."

அம்மாவின் கண்ணிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர். கடவுளையும் விட முடியவில்லை, குழந்தையையும் விட முடியவில்லை, பாவம், ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள். என் அம்மாவை அறையலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. அண்ணி ஃபைலை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

அன்றிலிருந்து வேளாவேளைக்குச் சாப்பிட்டதும் ஃபைலோடு நடை. எதிர் வீட்டுத் திலகவதி அக்கா தினமும், "இன்னா ஷைனி, ஆஸ்பத்திரிக்கா?" என்பாள். "ஆமாக்கா" என்பாள் அண்ணி. இந்த ஊரில் எந்த ஆஸ்பத்திரி மூன்று வேளையும் கூப்பிடுகிறது? திலகவதி அக்காவுக்கும் தெரியும். மழை வந்தால் ஃபைலுக்கு பாலிதீன் கவர். ஒருநாள் மறந்துவிட்டுத் தெருமுனை வரை போய்விட்டாள், அம்மா பின்னாலேயே ஓடிக் கொடுத்துவிட்டு வந்தாள். "உள்ள இருந்தப்ப சேரு. வெளிய வந்தா ஃபைலு. அவ்ளோதான் மெர்சி எனக்கு" என்று சிரித்தாள் அண்ணி. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சர்க்கரை இறங்கியது. பாயசமும் நின்றது, அதை அம்மாவே நிறுத்தினாள். அட்மிஷன் தேவைப்படவில்லை. டாக்டரம்மா தேதி குறித்து ஆபரேஷன் செய்து பெண் குழந்தையை எடுத்தார். வீல் என்று அழுதது. ஒரு ராத்திரி மட்டும் அதற்குச் சர்க்கரை பார்க்கக் குழந்தைகள் வார்டில் வைத்திருந்துவிட்டுக் கொடுத்தார்கள். கொஞ்சம் கனமான குழந்தை, ஆனால் பயந்த அளவுக்கு இல்லை. பார்க்க வந்த சபைப் பெண் ஒருத்தி, "பெத்தவ இம்மாம் பெருசா கீறா, புள்ள இன்னும் கொஞ்சம் குண்டா இருந்திருக்கலாம்" என்றாள். நான் அவளை ஒரு முறை முறைத்தேன், ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

குழந்தையைச் சபைக்குத் தூக்கிப்போன ஞாயிறு, அம்மா மைக்கைப் பிடித்தாள். "சொன்னபடி செஞ்சேன். ஆஸ்பத்திரிக்கு போனத தவுர என் மருமவ காலு வாசப்படிய தாண்டல. அந்த பொருத்தனைதான் புள்ளைய காப்பாத்துச்சி." அத்தனை வெள்ளிக்கிழமையும் அந்த நடையைத் தெருவில் பார்த்த அத்தனை பேரும் "ஆமென்" என்றார்கள். பிறகு பாஸ்டர் மைக்கை அண்ணியிடம் நீட்டினார். இப்போது சொல், சொல்லிவிடு என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவள், "ஸ்தோத்திரம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் வெடித்தேன். "நடந்தேன்னு ஒரு வார்த்த சொல்ல வாயில்லையா உனக்கு?"

"சொல்லிட்டேன்னு வெச்சிக்க. நாளைக்கு புள்ளைக்கு ஒரு ஜொரம் வந்தா, அன்னிக்கி நடந்தா பாரு, அதனாலன்னுவாங்க" என்றாள். குழந்தைக்குப் பால் கொடுத்து முடித்து, தோளில் போட்டுத் தட்டினாள். "டாக்டரம்மா சொல்லிக்கிறாங்க, இந்த சக்கரை திரும்பி வரும், நடைய உட்றாதன்னு."

சாயங்காலம் எழுந்தாள். குழந்தையை அம்மாவின் கையில் கொடுத்தாள். செருப்பைப் போட்டாள். அம்மா பழக்க தோஷத்தில் குழந்தையை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு, பீரோமேல் இருந்த ஃபைலை எடுத்து நீட்டினாள்.

"வேணாம் அத்தே" என்றாள் அண்ணி. "இன்னிக்கி ஆஸ்பத்திரி இல்ல."

கிரில்லை இழுத்துவிட்டு இறங்கி, கையை வீசிக்கொண்டு போனாள். அம்மா ஒரு கையில் குழந்தையும் இன்னொரு கையில் ஃபைலுமாக வாசப்படியிலேயே நின்றாள். திலகவதி அக்கா குடத்தை இறக்கி வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"இன்னா சாராளக்கா, மருமவ ஆஸ்பத்திரிக்கா?"

அம்மா ஃபைலைப் பார்த்தாள்.

"இல்ல" என்றாள். "நடக்க போறா."